புகை எழாத வீட்டைப் பூட்டலாமா என்று கேட்டவருக்கு

நிலம் நிலைக்க. நீர் தெளிக. நெடுவேலி நாட்டின் ஏழு துறைகளுக்கும் இரு மலைகளுக்கும் காவல் பூண்டவளும், மறைந்த மாமன்னரின் அரியணையை இளவரசர் வளரும்வரை ஏற்றிருப்பவளுமாகிய அமரநங்கை மாதேவி, ஆழிவாய்ப் பட்டினத்துத் தென்வாயில் தெருக்களின் கண்காணி நக்கன் காரிக்கு விடுக்கும் ஓலை. உம் தெருக்களின் கிணறுகள் வற்றாதிருக்க. செங்காய்ச்சலில் கிடந்து கண் திறந்தோர் மீண்டும் கண் மூடாதிருக்க. உம் மனைவியும் மக்களும் நோயின்றி வாழ்க. இந்த வாழ்த்தை வழக்கத்துக்காக எழுதவில்லை, விரும்பியே எழுதினோம். இனி வருவதைப் படிக்கும்போது அதை மறவாதிரும்.

கார்த்திகை ஆறாம் நாள் நீர் எழுதிய ஓலை வந்து சேர்ந்தது. எழுத்து அழகாயிருந்தது. ஓரிடத்திலும் எழுத்தாணி தடுமாறவில்லை. கயிற்றுக்காரத் தெருவின் பதினேழாம் வீட்டில், இரண்டாம் கணக்கெடுப்பு நாளன்று உச்சிப்பொழுதில் புகை எழவில்லை என்றும், புகை எழாத வீடு ஆளற்ற வீடு என்பது நம் ஆணை என்றும், ஆயினும் அவ்வீட்டினுள் சாயத்தொழிலாளி ஓரியும் அவன் மனைவி எயினியும் மூன்று பிள்ளைகளும் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றும், ஆளற்ற வீட்டில் இருக்கும் இவ்வைவரையும் வெளியேற்றி, வீட்டைப் பூட்டி, அரசுடைமையாக்கலாமா என்றும் கேட்டிருந்தீர். அவ்வீட்டு உடைமைக்காரி சேந்தி என்பவள் முன்பு அனுப்பிய மூன்று முறையீடுகளையும், இனி அவற்றுக்கு விடை தேவையில்லை என்ற குறிப்போடு சேர்த்துக் கட்டியிருந்தீர்.

ஏன் தேவையில்லை என்று நீர் எழுதவில்லை. நாம் ஆளனுப்பிக் கேட்டறிந்தோம். அவள் இறந்துவிட்டாள்.

ஆணை பிறந்த கதையிலிருந்து தொடங்குவோம். ஏனெனில் அது தவறான எண்ணத்தில் பிறந்ததன்று. வைகாசியில் காய்ச்சல் பட்டினத்துள் நுழைந்தபோது, வடவாயிலில் ஒரு மனைக்காரன், உடம்பு சுடுகிறது என்ற ஒரே காரணத்துக்காகத் தன்னிடம் குடியிருந்த குயவன் குடும்பத்தைச் சட்டிபானையோடு தெருவில் இறக்கிவிட்டான். அவர்கள் ஆற்றுப்பாலத்தின் அடியில் ஒருவர் பின் ஒருவராக இறந்தார்கள். அதைக் கேட்ட மறுநாளே நிலைக்கால் ஆணையைப் பிறப்பித்தோம். காய்ச்சல் நீங்கும்வரை குடியிருப்போர் எவரையும் எவரும் வெளியேற்றலாகாது. வீடுதோறும் ஆட்களை எண்ண வேண்டும்; எண்ணப்பட்டோர் அன்றி எவரும் அவ்வீட்டினுள் நுழையலாகாது. எண்ணியதற்கு அடையாளமாக நிலைக்காலில் காவி தோய்த்த கையின் தடமாகிய காவிக்கையைப் பதிக்க வேண்டும். ஊர் நம்மை வாழ்த்தியது. அந்த வாழ்த்தை நாமும் மகிழ்ந்து ஏற்றோம். அந்தத் தருமத்தை யாருடைய வீட்டிலிருந்து எடுத்துச் செய்தோம் என்பதை மட்டும் எண்ணிப் பார்க்கவில்லை.

எண்ண வந்தவர்கள் வீடுகளுக்குள் நுழைய அஞ்சினார்கள். அஞ்சியதில் பிழையில்லை, முதல் வாரத்திலேயே அவர்களில் நால்வர் இறந்திருந்தனர். அப்போது அவையில் ஒரு யோசனை எழுந்தது. உள்ளே போக வேண்டாம், உச்சிப்பொழுதில் தெருவில் நின்று கூரைகளைப் பாருங்கள், எந்த அடுப்பிலிருந்து புகை எழுகிறதோ அந்த அடுப்புக்கு உரியவரை அவ்வீட்டார் என்று எழுதிக்கொள்ளுங்கள் என்பது அந்த யோசனை. எல்லோரும் மெச்சினார்கள். அதைச் சொன்னது வேறு யாருமல்ல, நான். இங்கே நாம் என்று எழுத எனக்குக் கூச்சமாயிருக்கிறது.

சேந்தி கயிறு திரிக்கும் குன்றனின் மனைவி. பிள்ளையில்லை. இருவரும் இருபது ஆண்டு கயிறு திரித்துக் கட்டிய ஒரே வீடு அது. பின்கட்டில் தாங்கள் இருந்து, முன்கட்டை ஓரிக்கு வாடகைக்கு விட்டிருந்தார்கள். ஆனியில் எண்ண வந்த நாளன்று விடியலில் குன்றன் காய்ச்சலில் இறந்தான். உறவில் எந்த ஆணும் பாடையைத் தொட முன்வராததால், ஓரி ஒருபுறமும் கூலியாள் ஒருவன் மறுபுறமும் சுமக்க, சேந்தி தானே பின்னால் நடந்து சுடுகாட்டுக்குப் போனாள். இறப்பு நேர்ந்த வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. ஆகவே பின்கட்டு அடுப்பு குளிர்ந்து கிடந்தது. சுடுகாட்டிலிருந்து வெறும் வயிற்றோடு திரும்புபவளுக்குக் கஞ்சி வேண்டுமே என்று எயினி முன்கட்டில் தன் அடுப்பை மூட்டினாள்.

உம் ஆட்கள் தெருவில் நின்று மேலே பார்த்தார்கள். முன்கட்டில் புகை எழுந்தது, பின்கட்டில் இல்லை. பதினேழாம் வீட்டில் ஓரடுப்பு, அது ஓரியின் அடுப்பு, ஆள் ஐவர் என்று எழுதி, ஒரு காவிக்கையைப் பதித்துவிட்டுப் போனார்கள். ஆற்றில் முழுகி ஈரச்சீலையோடு திரும்பிய சேந்தியைக் காவலர் அவள் வாசலிலேயே நிறுத்தி, நீ இவ்வீட்டில் எண்ணப்பட்டவள் அல்ல என்று சொன்னார்கள்.

சாவு மிகுந்த மாதத்தில், சாவு வீட்டில் மட்டும் எழாத ஒன்றைக் கொண்டு உயிரோடிருப்பவரை எண்ணினோம், காரி. இந்நாட்டில் இந்த வழக்கத்தை அறியாத குழந்தை இல்லை. மன்னர் மறைந்தபோது இந்த அரண்மனையின் அடுப்புகளும் அணைந்தே கிடந்தன. அதை நேரில் பார்த்த எனக்கே அவையில் அது நினைவுக்கு வரவில்லை.

எதிர்ச்சாரியில் இருந்த வண்டிக்கொட்டிலில் அவள் தங்கினாள். எயினி நாள்தோறும் கஞ்சியும் துவையலும் கொண்டுவந்து நடுத்தெருவில் வைத்துவிட்டு விலகுவாள். இவள் போய் எடுத்துக்கொள்வாள். ஓரி உம்மிடம் வந்து, நாங்கள் வெளியேறிவிடுகிறோம், அந்த அம்மாளை உள்ளே விடுங்கள் என்று வேண்டியிருக்கிறான். குடியிருப்போர் வெளியேறினால் வீடு ஆளற்றதாகும், ஆளற்ற வீட்டை அரசு பூட்டும், எண்ணப்படாதவள் அப்போதும் நுழைய முடியாது என்று நீர் விடை சொன்னீர். ஆணையின்படி அது சரியான விடை. அந்த ஆணையை எழுதிய கையே இந்த ஓலையை எழுதுவதால் அதை மறுக்க முடியாமல் தவிக்கிறோம்.

வீட்டில் நுழையும் உரிமையை அவளிடமிருந்து எடுத்த ஆணை, வீட்டுக்காரியின் கடமைகளில் ஒன்றையும் எடுக்கவில்லை. வீட்டுவரியாகிய மனையிறை அவள் பெயரிலேயே நின்றது. வாடகை வரவில்லை; சாயத்தொட்டிகள் வறண்டு கிடந்தபோது ஓரி எதைக் கொண்டு கொடுப்பான்? ஆடிக்காற்றில் ஓடுகள் சரிந்தபோது, குடியிருப்போர் நனையாமல் கூரை வேய்வது உடைமைக்காரியின் பொறுப்பு என்று நீர் ஆளனுப்பினீர். அவள் தன் காதுத்தோட்டை விற்று ஓடு வாங்கித் தெருவில் இறக்கினாள். கூரையில் ஏறவும் அவளுக்கு உரிமையில்லாததால் ஓரி ஏறி வேய்ந்தான். கீழே நின்று, அந்த மூலையில் இன்னும் இரண்டு வை என்று அவள் கைகாட்டிக்கொண்டிருந்ததாகத் தெருவார் சொல்கிறார்கள். பிறகு ஐப்பசி மழை வந்தது. அவள் வேய்ந்த கூரையின்கீழ் ஐவர் நனையாமல் உறங்கினர். அவள் இருந்த கொட்டிலுக்குக் கீற்றும் பாதிதான் இருந்தது.

அவளுடைய முறையீடுகளை மூன்று முறை படித்தோம். முதலாவதில் தன் வீட்டைக் கேட்டாள். இரண்டாவதில் பின்கட்டை மட்டும் கேட்டாள். மூன்றாவது ஐப்பசிக் கடைசியில் எழுதியது. அதில் உள்வாசலை ஒட்டிய தாழ்வாரத்தில் ஒரு பாய் விரிக்கும் இடம் கேட்டிருக்கிறாள். குடியிருக்கும் பெண் நல்லவள், அவளையோ பிள்ளைகளையோ ஒன்றும் செய்துவிட வேண்டாம், மழை விடும்வரை போதும் என்று முடித்திருக்கிறாள். மூன்றையும் ஒரே காரணம் சொல்லித் தள்ளியிருக்கிறீர்: முறையிடுபவர் வசிக்கும் வீடு எதுவென்று குறிப்பிடப்படவில்லை. மூன்றிலும் அவள் குறிப்பிட்டுத்தான் இருக்கிறாள். என் வீட்டுக்கு எதிரில் என்று எழுதியிருக்கிறாள்.

கார்த்திகை மூன்றாம் நாள் இரவு அவள் இறந்தாள். காய்ச்சல் அவளைத் தொடவேயில்லை. குளிரும் ஈரமும் நெஞ்சில் இறங்கியதாக மருத்துவர் எழுதியிருக்கிறார். மறுநாள் எயினி தன் அடுப்பை அணைத்தாள். அன்றுதான் நீர் இரண்டாம் முறை புகை எண்ண வந்தீர்.

அடுப்பை ஏன் அணைத்தீர்கள் என்று நம் ஆள் கேட்டபோது ஓரி சொன்ன விடையை, எழுத்தர் செந்தமிழாக்கித் தர முற்பட்டார். நாம் தடுத்தோம். அவன் சொன்னபடியே இங்கே வைக்கிறோம், படியும். “அந்தம்மா எங்க வீட்டு ஆளுங்கய்யா. வீட்டு ஆளு செத்துக் கெடக்கையில எவளாவது ஒல வைப்பாளா? அன்னிக்கி அவங்களுக்குக் கஞ்சி காச்சப் போயித்தான் இவ்வளவும் வந்துச்சு. அத நெனச்சு நெனச்சு எம் பொண்டாட்டி இன்னும் சோறு திங்கல. வீட்ட எடுத்துக்கறதுன்னா எடுத்துக்கோங்க. ஓடு மட்டும் அவங்க வாங்கிப் போட்டது, பாத்து எறக்குங்க.”

இனி நம் ஆணை. ஓரியும் அவன் குடும்பமும் பதினேழாம் வீட்டிலேயே இருப்பார்கள். நிலைக்காலில் உள்ள காவிக்கையை அழித்து, சேந்தி, குன்றன் என்னும் இரு பெயர்களையும் அங்கே செதுக்குக. காய்ச்சல் உள்ளவரை எவரையும் வெளியேற்றலாகாது என்ற விதி அப்படியே நிற்கும். பாலத்தடியில் இன்னொரு குடும்பம் சாவதை நாம் ஏற்கமாட்டோம். ஆனால் ஒரே வீடு வைத்து அதில் பாதியை வாடகைக்கு விட்டுப் பிழைப்போருக்கு, வராத வாடகையை அரண்மனைக் களஞ்சியம் நெல்லாக அளக்கும். மனையிறையும் கூரைச்செலவும் இந்த ஆண்டு அவர்களுக்கு இல்லை. வீட்டுக்காரர் என்றாலே பத்து வீடு உடையவர் என்று எண்ணியிருந்தோம்; உம் தெருவில் அறுபது வீடுகளுக்கு அப்படிப் பல வீடு உடையோர் இருவரே என்று இப்போது தெரிந்துகொண்டோம். அதே தெருவின் முனையில், கிடங்கு நிறைய மிளகை வைத்துக்கொண்டு வெளியேற்றலாகாது என்ற ஆணையைக் காட்டி வாடகை மறுக்கும் வணிகன் இருக்கிறானே, அவன் ஆனியிலிருந்து தரவேண்டியதை இவ்வாரமே தரச் செய்யும். புகை பார்க்கும் கணக்கு இன்றோடு ஒழிந்தது. வாசலில் நின்று பெயர் சொல்லிக் கேட்டு எழுதுக. ஆனியில் புகையில்லை என்று எழுதிய வீடுகள் அத்தனைக்கும் முதலில் போகவும். அங்கே திரும்பி வந்து நிறுத்தப்பட்டவர்கள் எந்தக் கொட்டிலில், எந்த மரத்தடியில் இருக்கிறார்கள் என்று தேடி, மழை வலுக்குமுன் உள்ளே சேர்க்கவும்.

உம்மைப் பதவியிலிருந்து நீக்கவில்லை. நீக்கினால் எனக்கு அது எளிதாகிவிடும். பிழை உம்மோடு ஊரைவிட்டுப் போய்விட்டது என்று நாடு நினைக்கும். சேந்திக்குப் பதினாறாம் நாள் முடியும்வரை, சாவு வீட்டுக்குச் சேரவேண்டிய சோற்றை உம் வீட்டில் சமைத்து, ஆள்வசம் அனுப்பாமல் உம் கையாலேயே எடுத்துப் போய்ப் பதினேழாம் வீட்டில் கொடுத்து வாரும். எயினி உண்ணும்வரை வாசலில் நிற்கவும். அவள் உண்ண மறுத்தால், அன்று நீரும் உண்ணலாகாது.

கார்த்திகை பன்னிரண்டாம் நாள், உச்சிப்பொழுதில், என் கையால் எழுதி அரக்கிட்டேன். அரக்கு உருக்க மட்டும் ஒரு விளக்கு எரிந்தது; அரண்மனையின் அடுப்புகள் அனைத்தையும் காலையிலேயே அணைக்கச் சொல்லிவிட்டேன். புகை எண்ணுவோர் எவரேனும் இப்போது தெருவில் நின்று மேலே பார்த்தால், இதையும் ஆளற்ற வீடு என்றே எழுதிக்கொள்ளட்டும்.