பதினொரு சோடி பூட்ஸ்

நவம்பர் 3, சனி

விடியலிலிருந்து வாடைக்காற்று. மைதானத்தில் பாதி தண்ணீர். அரிப்பு ஊர்ப் பெடியங்களோடு ஆட்டம். 3–1, எங்கள் பள்ளிக்கூட அணிக்கு. தொடர்ந்து நான்காவது வெற்றி. கோலுக்குள் மரியதாஸ் நின்றால் காற்றுக்கூடப் போகாது. கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது. பந்துக் காசுக்குப் பொறுப்பான வாத்தி எனக்கு இது தேவையா?

நவம்பர் 5, திங்கள்

வென்றால் அடுத்துக் கடலுக்குப் போகும் நாளில் ஒவ்வொரு வள்ளமும் ஒரு பங்கு மீனைப் பந்துக் காசுக்குத் தரும். ஊர் வழக்கம். இன்று கரையில் ஏலம், நல்ல விலை. நான்கு வெற்றிக் காசும் சேர்ந்ததில் பதினொருவருக்கும் பூட்ஸ் வாங்கலாம். இதுவரை வெறுங்காலோடு வென்ற பிள்ளைகள்!

நவம்பர் 7, புதன்

மன்னார் டவுன். பூட்ஸ் 11, பந்து 1. மிச்சம் ரூ. 212. திரும்பும்போது இராணுவச் சோதனைச்சாவடியில் இரண்டு மணித்தியாலம். இத்தனை பூட்ஸ் யாருக்கு என்று ஒவ்வொன்றாக வளைத்துப் பார்த்தார்கள். பந்தடிக்க என்றேன். நம்பவில்லை. எப்படியோ விட்டார்கள்.

குடை பஸ்ஸில் போய்விட்டது.

நவம்பர் 9, வெள்ளி

பெரிய வள்ளக்காரச் சம்மாட்டியார் முணுமுணுக்கிறாராம். வயது கூடியவர்களும் வெளியூராரும் தன் மீன் காசில் பூட்ஸ் போடுகிறார்களாம். என்னைக் கள்ளன் என்று சொல்லாத குறை. கணக்கைக் காட்டுகிறேன் இவர்களுக்கு.

நவம்பர் 11, ஞாயிறு

பூசைக்கு முன்பே மாதா கோயில் வாசல் பலகையில் கணக்கைக் குத்திவிட்டேன். வரவு, செலவு, பூட்ஸ் பெற்றவர்களின் பெயர், வயது, வீடு. சிவப்பு மையில் கோடு. சம்மாட்டியார் வாசித்துத் தலையாட்டினார். அப்பாடா.

சுவாமியார் மட்டும் வயது எதற்கு என்று கேட்டார். கணக்கென்றால் முழுக் கணக்கு என்றேன்.

பூசை முடிந்தபின் சைக்கிளில் இரண்டு பேர். ஊரார் இல்லை. பலகை முன்னால் நெடுநேரம் நின்றார்கள். வேறு ஊர்ப் பந்துக்காரராக்கும்.

நவம்பர் 13, செவ்வாய்

தேநீர்க் கடையில் ஒரே பேச்சு. வீட்டுக்கு ஒருவரைப் போருக்குத் தரச்சொல்லி இயக்கக்காரர் பக்கத்து ஊர்களில் கேட்டுத் திரிகிறார்களாம். பதினாறுக்கு மேல் என்றால் விடுவதில்லையாம். தேநீரை அப்படியே வைத்துவிட்டுக் கோயிலுக்கு ஓடினேன். தாள் இல்லை. குண்டூசி நான்கும் பலகையிலேயே இருந்தன.

நவம்பர் 14, புதன்

மழை. பயிற்சிக்கு ஒருவரும் வரவில்லை. தாய்மார் ஒவ்வொருவராக வந்து பூட்ஸைத் திருப்பித் தந்தார்கள். ஒருத்திகூட என் முகத்தைப் பார்க்கவில்லை. “எங்கட பேரை வெட்டிவிடுங்கோ சேர்.” வெட்டினேன். என் கணக்குக் கொப்பியில் வெட்டி என்ன பயன்? பயமாக இருக்கிறது.

பத்துச் சோடி. மரியதாஸின் சோடி வரவில்லை.

நவம்பர் 15, வியாழன்

மழை விட்டிருக்கிறது. மரியதாஸின் தாய் றோசலின் வந்தார். கையில் பூட்ஸ் இல்லை. நேற்றுப் பின்னேரம் சைக்கிளில் வந்த அந்த இரண்டு பேரும் இன்னும் சிலரும் வந்து அவனைக் கூட்டிக்கொண்டு போனார்களாம். பூட்ஸைப் போட்டுக்கொண்டு வரச் சொன்னார்களாம். நல்ல பூட்ஸ் என்றார்களாம்.

“பதினைஞ்சு வயசெண்டுதான் சொன்னனான் சேர். அவை ஒரு தாளை எடுத்துக் காட்டினவை. பதினேழெண்டு கிடந்தது. ஆர் சேர் எழுதினது?”

கதிரையில் இருக்கச் சொன்னேன். இருக்கவில்லை.

நான்தான் என்றேன்.