பச்சைப் பொத்தான்

13 ஜனவரி 2025, திங்கள்

மேற்பார்வையாளராகி நாலரை மாதம். கல்லூரியின் நான்கு வளாகங்களுக்கும் தபாலும் பொதிகளும் ஸ்காபரோவில் உள்ள இந்த ஒரு களஞ்சியத்திலிருந்துதான் போகின்றன. ஜன்னல் இல்லை.

காலையில் சாமான் இறக்கும் மேடையில் இக்னேசியஸ் அண்ணை, "மேடம் வாறா, தேத்தண்ணியை ஒளியுங்கோ" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும். போன ஆகஸ்ட் வரை அதே மேடையில் அவரோடு பெட்டி தூக்கினேன். அப்போது நான் "பிள்ளை".

மெய்யியல் நான்கு வருடம் படித்தது இதற்கா என்று கேட்க மாட்டேன். கேட்டுவிட்டேன்.

31 ஜனவரி

மாத அறிக்கை. 'வந்து நான்கு மணி நேரத்துக்குள் சேர்ந்தவை': நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு வீதம். மேலாளருக்கு மகிழ்ச்சி. அலுவலகத்தில் அவர் கிளடிஸ். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் கிளடிஸ் அன்ரி.

எண் பொய். வான் வண்டியில் ஏற்றுமுன்பே ஒவ்வொரு பெட்டிக்கும் கையிலுள்ள பதிவுக் கருவியில் பச்சைப் பொத்தானை அழுத்திவிடுகிறோம். 'சேர்ந்தது.' பிறகுதான் கொண்டுபோகிறோம். கட்டடங்களின் நிலக்கீழ் அறைகளில் சிக்னல் இல்லை. அங்கே அழுத்தினால் பதிவாகாது. ஒவ்வொரு முறையும் வெளியே ஏறி வந்து அழுத்தினால் நேரம் போய்விடும்.

இந்த வழியைக் கண்டுபிடித்தது நான். இரண்டு வருடத்துக்கு முன். அன்று இக்னேசியஸ் அண்ணை தலையைச் சொறிந்தார். "போகாத சாமானைப் போயிட்டுதெண்டு எப்பிடிப் பிள்ளை அடிக்கிறது?"

"போகத்தானே போகுது, அண்ணை."

12 பெப்ரவரி

பனி. கல்லூரி மூடல். அஜக்ஸ் நகரில் வீட்டு வாசல் பனியை மூன்று முறை வழித்தேன். மூன்று முறையும் மூடிற்று.

20 பெப்ரவரி

உயிரியல் ஆய்வுகூடத்துக்கு மாதிரிகள் வந்த குளிர்ப் பெட்டியைக் காணவில்லை. கருவி சொல்கிறது: 11ஆம் தேதி, காலை 8.52, சேர்ந்தது. ஆய்வுகூடம் சொல்கிறது: எதுவும் வரவில்லை.

எதை நம்புவது என்று எங்களுக்கு மட்டும் தெரியும்.

21 பெப்ரவரி

கண்டெடுத்தேன். கைத்துடைக்கும் தாள் அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னால். 'குளிரில் வைக்கவும்' என்ற நீல ஸ்டிக்கர். அடியில் ஈரம். நாற்றம்.

11ஆம் தேதி ஆய்வுகூடம் பூட்டியிருந்திருக்கிறது. அண்ணை பெட்டியைத் திருப்பிக் கொண்டுவந்து, நாளைக்குப் பார்ப்போம் என்று ஆகக் குளிரான மூலையில் வைத்திருக்கிறார். மறுநாள் பனி. பிறகு அவருக்கு ஒரு வாரம் லீவு. அந்த மூலையில் இருந்த ஹீற்றர் அன்று வேலைசெய்யவில்லை. இடையில் ஆள் பிடித்துத் திருத்தியது நான்.

கருவியில் சேர்ந்துவிட்டது. ஆகவே யாரும் தேடவில்லை. நாற்பது மாணவர்களின் பரிசோதனை போயிற்று.

குளிர்சாதனப் பெட்டி ஒன்று வேண்டும் என்று மூன்று தடவை எழுதிக் கேட்டிருந்தேன். பதில் ஒரு தடவை வந்தது: 'பார்க்கிறோம்'.

24 பெப்ரவரி

கிளடிஸ் கூப்பிட்டார். இக்னேசியஸ் அண்ணைக்கு எச்சரிக்கைக் கடிதம். நான் எழுத வேண்டும். காரணம், பொய்ப் பதிவு. அவருக்கு இது மூன்றாவது கடிதம். மூன்றாவது என்றால் வேலை போகும். அவருக்கு அறுபத்தொரு வயது.

எல்லோரும் அப்படித்தான் அழுத்துகிறார்கள் என்றேன். கிளடிஸ் எழுந்து கதவைச் சாத்தினார். ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மாறினார்.

"ஆர் பழக்கினதெண்டு நான் கேக்கேல்லை. நீரும் சொல்லாதையும். வெள்ளிக்கிழமையோட உம்மட ப்ரொபேஷன் முடியுது."

தமிழில் சொன்னதால் அன்பு போல் இருந்தது. கார் வரைக்கும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு போனேன்.

25 பெப்ரவரி

கடிதம் எழுதினேன். 'பணியாளர் தன் சுயமுடிவில்...'

நல்ல நடை. அழித்தேன். திரும்ப எழுதினேன்.

26 பெப்ரவரி

அண்ணைக்கு விஷயம் தெரிந்துவிட்டது. மேடையில் பகிடி இல்லை. மத்தியானம் தனியே போய்க் கேட்டேன் — கிளடிஸ் விசாரித்தபோது ஏன் என் பெயரைச் சொல்லவில்லை? அவர் சாப்பாட்டுப் பெட்டியை மூடினார்.

"அமத்தினது என்ர விரல், மேடம்."

அவ்வளவுதான். எனக்குக் கோபம் வந்தது. ஏன் உந்த மனுசன் கத்தேல்லை? ஒருக்காக் கத்தியிருந்தா நானும் கத்திப்போட்டுக் கடிதத்தை அனுப்பியிருப்பன். உது என்ன மாதிரியான பெருந்தன்மை? ஆர் கேட்டது?

— நான்தான் கேட்டேன். ஆறு மாதமாக, வாய் திறக்காமல்.

27 பெப்ரவரி

அனுப்பினேன். வேறு கடிதம். வழியைக் கண்டுபிடித்தது நான், பழக்கியது நான், அறிக்கையில் எண்ணை எழுதியதும் நான். கிளடிஸுக்கு, மனிதவளப் பிரிவுக்கு, யூனியனுக்கு.

நிம்மதி வரும் என்று நினைத்தேன். பசிதான் வந்தது.

2 மார்ச், ஞாயிறு

பூசையில் சமாதானம் சொல்லும் நேரம் கிளடிஸ் அன்ரி திரும்பி என் பக்கத்தில் நின்ற அம்மாவைப் பார்த்துக் கைகூப்பினார். பிறகு நேரே பீடத்தைப் பார்த்தார்.

அம்மா காரில் கேட்டாள், "அவவுக்கு என்ன நடந்தது?"

7 மார்ச்

அண்ணைக்குக் கடிதம் இல்லை. எனக்குப் பழைய வேலை, பழைய சம்பளம். இனிமேல் பெட்டியைக் கையில் கொடுத்த பிறகுதான் பொத்தான். நிலக்கீழ் அறைகளுக்கு சிக்னல் இன்னும் இல்லை. வான் ஓடும் ரம்ஸீன் ஒரு நாளில் எழுபது தடவை படி ஏறி இறங்கியதாகக் கணக்குச் சொன்னான்.

"உண்மைய நீங்க சொன்னீங்க. படிய நாங்க ஏறுறோம்."

இந்த வார எண்: அறுபத்தொரு வீதம். அவர்கள் எல்லோரையும் கேட்டுவிட்டா அனுப்பினேன்?

17 மார்ச், திங்கள்

புது மேற்பார்வையாளர் வந்துவிட்டார். எனக்கு வேலை மேடையில், காலை ஏழு மணிக்கு. பழைய கையுறை ஆணியிலேயே தொங்கிற்று.

முதல் பெட்டி பெரியது. கருவியை எடுத்தேன். பெருவிரல் தானாகவே பச்சைக்குப் போயிற்று. இக்னேசியஸ் அண்ணை பார்த்துக்கொண்டு நின்றார். பெட்டியின் ஒரு பக்கத்தைத் தூக்கிப் பிடித்தபடி.

"உந்தக் கருவியை வையும், பிள்ளை. மற்றப் பக்கத்தைப் பிடியும்."

பிடித்தேன்.