பூண்டு உரிக்க மறுக்கும் உரிமை

அன்புள்ள அண்ணா,

விரல்களில் பூண்டு வாசனை. இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவியும் போகவில்லை, இந்தக் காகிதத்திலும் ஏறியிருக்கும். இன்று காலை எங்கள் இரும்புலியூர் இல்லத்தில் பூண்டு உரிக்க ஆள் குறைவு. பதினான்கு பேரில் இருவர்தான் வந்தார்கள். ஒருவருக்கு முட்டிவலி, ஒருவருக்குக் கிரிக்கெட், மற்றவர்கள் காரணமே சொல்லவில்லை. சரி என்று நானே ஒரு தட்டை இழுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அந்த நேரம் பார்த்து ஆய்வுக்கு ஒரு இளம் பெண் அதிகாரி வந்து நின்றார்.

அவர் கையிலிருந்த படிவத்தில் ஒரு கேள்வி: இல்லவாசிகள் சமையலறை வேலையில் பங்கேற்கிறார்களா, ஆம் எனில் அவர்கள் விருப்பத்தின் பேரிலா? "என்னைக் கேக்காதீங்க மேடம், அவங்களைக் கேளுங்க" என்று கூடத்தைக் காட்டினேன். அவர் போய்க் கேட்டுவிட்டு வந்து, டிக் அடித்து, காபி குடித்துவிட்டுக் கிளம்பினார். அந்தக் கேள்வி அந்தப் படிவத்துக்குள் எப்படி வந்தது என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. சொல்லலாம் என்று வாய் வரை வந்தது. ஆரம்பித்தால் உங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும், உங்களைப் பற்றிச் சொன்னால் மத்தியானச் சாப்பாடு தாமதமாகும். அதனால் உங்களுக்கே எழுதுகிறேன்.

நாம் பகையாளிகளாகத்தான் அறிமுகமானோம், நினைவிருக்கிறதா? நான் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்று இந்த இல்லத்தைத் தொடங்கிய புதிது. கல்யாண வீடுகளில் சமைத்துக்கொண்டிருந்த மாணிக்கம் ஐயா எங்களிடம் இருந்தார். வெள்ளிக்கிழமை ஆனால் ஆளைக் காணவில்லை. விசாரித்தால், பஸ் பிடித்து அஸ்தினாபுரம் போகிறார் என்றார்கள். அங்கே ஹார்டுவேர் கடையை மகன்களிடம் விட்டுவிட்டு ஒரு பாய் முதியோர் இல்லம் நடத்துகிறார், வெள்ளிக்கிழமை பிரியாணி என்றும் சொன்னார்கள். என் ஆளைப் பிரியாணி போட்டு இழுக்கிறார்களா என்று எனக்கு வந்த கோபத்தில் செருப்பைக்கூட மாற்றாமல் ஆட்டோ ஏறினேன்.

வாசலில் என்னைப் பார்த்ததுமே நீங்கள் சொன்னது: "இன்னா சிஸ்டர், போலீஸ் மாதிரி வந்து நிக்கிறீங்க. உள்ள வாங்க, சாப்ட்டு சண்ட போடலாம்." நான் நர்ஸ் என்று உங்களுக்கு யார் சொன்னார்களோ, அன்று முதல் கடைசி வரை நான் உங்களுக்கு சிஸ்டர்தான்.

உள்ளே வந்து பார்த்தால் மாணிக்கம் ஐயா சாப்பிட்டுக்கொண்டிருக்கவில்லை, அடுப்பின் முன்னால் நின்றுகொண்டிருந்தார். கையில் கரண்டி. எங்கள் இல்லத்தில் மூன்று மாதமாக வாய் திறக்காத மனிதர், உங்கள் சமையல்காரரைத் திட்டிக்கொண்டிருந்தார். "ஏன் ஐயா இவ்வளவு தூரம் வர்றீங்க?" என்று கேட்டேன். "உன் வூட்ல என்ன சமையக்கட்டுல வுட மாட்டேங்கிறியேம்மா. கை சும்மா இருந்தா தலைக்குள்ள பேஜாரா கீது" என்றார்.

உண்மைதான். சமையலறை வாசலில் ‘இல்லவாசிகளுக்கு அனுமதி இல்லை’ என்று நானே எழுதி ஒட்டியிருந்தேன். சுடுதண்ணீர், கத்தி, வழுக்கும் தரை. ஆஸ்பத்திரியில் முப்பது வருடம் இருந்தவளுக்குக் கண்ணில் அதுதான் படும். நீங்கள் விவாதம் எதுவும் செய்யவில்லை. எனக்கு ஒரு தட்டு வைத்தீர்கள். சண்டைக்கு வந்தவள் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன் என்பதை நீங்கள் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தீர்கள்.

மறுநாள் அந்தத் தாளைக் கிழித்தேன். ஆனால் என் குணம் உங்களுக்குத் தெரியும். எதைச் செய்தாலும் டூட்டி சார்ட் போட்டுத்தான் செய்வேன். காலை பத்து மணிக்கு எல்லாருக்கும் முன்னால் ஒரு தட்டு, அதில் பூண்டோ பீன்ஸோ கீரையோ. பெரியவர்கள் சுறுசுறுப்பாக இருக்கிறார்கள் என்று வந்தவர்களிடமெல்லாம் பெருமையாகக் காட்டினேன். நீங்கள் ஒருமுறை அதைப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் கீது சிஸ்டர், டிரில் மாஸ்டர் விசில் மட்டும்தான் இல்ல" என்றீர்கள். எனக்கு அப்போது புரியவில்லை.

பிறகுதான் அந்த வரைவு வந்தது. முதியோர் இல்லங்களுக்கு அரசு புதிய சட்டமும் விதிகளும் கொண்டுவரப் போகிறது, ஆட்சேபனை இருந்தால் எழுதித் தரலாம் என்று அறிவித்திருந்தார்கள். எல்லாம் நல்ல விதிகள்தான். ஆனால் ஒரு ஷரத்து: இல்லவாசிகளை எந்த வேலையிலும் ஈடுபடுத்தக் கூடாது, சமையலறைக்குள் அனுமதிக்கக் கூடாது, மீறினால் பதிவு ரத்து. எங்கோ ஓர் இல்லத்தில் வயதான பெண்களிடம் மொத்தச் சமையலையும் பாத்திரம் கழுவும் வேலையையும் வாங்கியிருக்கிறார்கள், அதைத் தடுக்க எழுதியது. "எழுதினவங்க நல்லவங்கதான் சிஸ்டர். ஆனா நம்ம மாணிக்கத்த அவங்களுக்குத் தெரியாதே" என்றீர்கள். மாணிக்கம் ஐயாவிடம் விஷயத்தைச் சொன்னபோது அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய் உட்கார்ந்தார். அன்று இரண்டு வேளை அவர் சாப்பிடவில்லை. அந்த மனிதருக்காகத்தான் நாம் அலைய ஆரம்பித்தோம்.

தாம்பரத்திலிருந்து பெரும்பாக்கம் வரை இருந்த சின்னச் சின்ன இல்லங்களையெல்லாம் நீங்கள் ஸ்கூட்டரில் போய்ச் சேர்த்தீர்கள். நான் ஏழு பக்கத்துக்கு ஒரு மனு எழுதினேன். எம்.எல்.ஏ. அலுவலகத்தில் நம்மைப் பார்த்த உதவியாளர், நாம் முதியோர் பென்ஷனுக்கு வந்திருக்கிறோம் என்று நினைத்து ஆதார் கார்டு கேட்டார். எனக்கு முகம் சிவந்துவிட்டது. அவர் நீட்டிய பென்ஷன் டோக்கனை நீங்கள் சட்டைப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டு, "எதுக்கும் இருக்கட்டும் சிஸ்டர்" என்றீர்கள். எம்.எல்.ஏ. பொறுமையாகக் கேட்டார், சட்டசபையில் பேசுகிறேன், ஒரே பக்கத்தில் கொடுங்கள் என்றார். வெளியே வந்ததும் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து என் ஏழு பக்கத்தை நீங்கள் வெட்டினீர்கள். "ஒரு பக்கம் தாண்டிச்சுன்னா அது மனு இல்ல சிஸ்டர், மளிகை லிஸ்ட்டு." என் அருமையான வாக்கியங்களெல்லாம் போயின. இரண்டு நாள் உங்களோடு பேசவில்லை.

கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு இரண்டு வேனில் போனோம். மூன்றாம் மாடி, லிஃப்ட் வேலை செய்யவில்லை, ஒவ்வொரு மாடியிலும் நின்று மூச்சு வாங்கி ஏறினோம். எல்லாரையும் நல்ல துணி உடுத்தச் சொல்லி முன்வரிசையில் உட்கார வைத்தேன். மேடையில் ஒரு பெண் உயர் அதிகாரி. நான் எழுந்து பேசினேன். எங்கள் பெரியவர்கள் சந்தோஷமாக வேலை செய்கிறார்கள், அந்தச் சந்தோஷத்தைப் பறிக்காதீர்கள் என்றேன். எல்லாரும் கையெழுத்துப் போட்ட மனுவை நீட்டினேன். கைதட்டினார்கள்.

அதிகாரி மனுவைப் பார்த்துவிட்டு, முன்வரிசையில் இருந்த வசந்தா அம்மாவைக் கேட்டார். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். குரல் இன்றும் கணீரென்று இருக்கும்.

"நீங்க சொல்லுங்கம்மா. பூண்டு உரிக்க உங்களுக்குப் பிடிச்சிருக்கா?"

"சுத்தமாப் பிடிக்காது மேடம்."

"அப்புறம் ஏன் உரிக்கிறீங்க?"

"பத்து மணிக்குத் தட்டு வருது. உரிக்கிறேன்."

"மனுவுல கையெழுத்துப் போட்டிருக்கீங்களே."

"சிஸ்டர் போடச் சொன்னாங்க. எனக்கு வேணுமா வேண்டாமான்னு யாரும் கேக்கலை."

அண்ணா, பூமி பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை என்றிருந்தது. அந்த ஷரத்து ஏன் தேவை என்பதற்குச் சாட்சியை நானே வேன் வைத்துக் கூட்டி வந்திருக்கிறேன். மாணிக்கம் ஐயா தலையைக் குனிந்துகொண்டார். அந்த அமைதியில் உங்கள் சிரிப்புச் சத்தம் கேட்டது. அடக்கப் பார்த்து முடியாமல் வந்த சிரிப்பு. உங்களைக் கொன்றுவிடலாம் போலிருந்தது எனக்கு.

நீங்கள் எழுந்து கை கூப்பினீர்கள். "மேடம், எங்க மனுவ வாபஸ் வாங்கிக்கிறோம். நாங்க ரெண்டு பேரும் இவங்கள ஒரு வார்த்த கேக்காமலே இவங்களுக்காகப் பேச வந்துட்டோம். அந்தம்மா சொன்னத எழுதிக்கங்க. பக்கத்துல மாணிக்கம்னு ஒருத்தர் கீறாரு, அவரையும் கேளுங்க. ரெண்டு பேரும் ஒரே வூட்ல இருக்கணும் மேடம். அதுக்கு ஒரு விதி எழுதிக் குடுங்க."

மாணிக்கம் ஐயா எழுந்து, சமையலறைக்குப் போகக் கூடாது என்றால் தான் இல்லத்தை விட்டே போய்விடுவதாகச் சொன்னார். அதிகாரி வெகுநேரம் எழுதினார். எழுதும்போது அவரும் சிரித்தார் என்று நீங்கள் சத்தியம் செய்தீர்கள், நான் பார்க்கவில்லை, குனிந்தே இருந்தேன்.

வேனில் திரும்பி வரும்போது, பல்லாவரம் தாண்டியதும் வசந்தா அம்மா என் தோளைத் தொட்டு, "சிஸ்டர், கோவமா?" என்றார். ஜி.எஸ்.டி. ரோட்டு நெரிசலில் வேன் நின்றிருந்தது. அவரை ஐந்து வருடமாகப் பார்த்துக்கொள்கிறேன். காலையில் எழுப்பியிருக்கிறேன், மாத்திரை கொடுத்திருக்கிறேன், குளிக்க வைத்திருக்கிறேன். கேட்டதில்லை. "நாளைக்குப் பத்து மணிக்கு என்ன செய்யலாம்னு இருக்கீங்க?" என்று கேட்டேன். யோசித்துவிட்டு, "சும்மா உக்காந்திருக்கலாம்னு இருக்கேன்" என்றார்.

சட்டம் நிறைவேறி, விதிகள் அரசிதழில் வந்த அன்று நீங்கள் அந்தப் பக்கத்தை லேமினேட் செய்துகொண்டு வந்தீர்கள். இல்லவாசி விரும்பினால் சமையலறையில் பங்கேற்கலாம். ஒவ்வொரு முறையும் அவரைக் கேட்க வேண்டும். மறுத்தால் வற்புறுத்தக் கூடாது. மாணிக்கம் ஐயாவுக்கு நீங்கள் அதைச் சத்தமாகப் படித்துக் காட்டினீர்கள். அவர் இரண்டாம் முறையும் படிக்கச் சொன்னார்.

கொண்டாட வேண்டும், இரண்டு இல்லத்துக்கும் சேர்த்து எங்கள் இல்லத்தில் பிரியாணி என்று நீங்கள் ஒரு மூட்டை வெங்காயத்தோடு வந்து இறங்கினீர்கள். விதிப்படி ஒவ்வொருவரையும் மரியாதையாகக் கேட்டோம். முதலில் வசந்தா அம்மா, "விருப்பமில்லை" என்றார். அடுத்தவரும் விருப்பமில்லை. அதற்கடுத்தவரும். உங்கள் இல்லத்து ஆட்கள் உட்பட அத்தனை பேரும் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு விருப்பமில்லை என்றார்கள். முதல் நாளே பேசி வைத்திருக்கிறார்கள், வசந்தா அம்மா போன் போட்டு ஏற்பாடு செய்திருக்கிறார். கடைசி நம்பிக்கையாக மாணிக்கம் ஐயாவைப் பார்த்தோம். "எனுக்கும் இன்னிக்கு விருப்பம் இல்லபா. நாற்காலி போடு, மேற்பார்வ பாக்குறேன்" என்றார்.

நீங்களும் நானும் தரையில் உட்கார்ந்து அந்த மூட்டை முழுவதையும் உரித்து நறுக்கினோம். கண்ணீர் தாரை தாரையாகக் கொட்டியது. இருபத்தைந்து பெரியவர்கள் சுற்றி உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள். மாணிக்கம் ஐயா, "மெல்லிசா அரிபா, விறகா பொளக்குற?" என்று உங்களை அதட்டினார். "சட்டம் வாங்கிக் குடுத்தவன இப்பிடிப் படுத்துறீங்களேபா" என்று நீங்கள் சொன்னபோது வசந்தா அம்மா சிரித்துச் சிரித்துப் புரையேறி, நான் நர்ஸாக எழுந்து ஓட வேண்டியதாயிற்று. என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமான நாள் இன்னொன்று உண்டா என்று தெரியவில்லை.

உங்கள் இதயம் பலவீனமான பிறகு மூன்று வாரம் எங்கள் இல்லத்தில் தங்கினீர்கள். உங்கள் இல்லத்தில் இருந்தால் எல்லாரும் முதலாளி என்று வந்து பஞ்சாயத்து வைப்பார்கள், ஓய்வு கிடைக்காது என்று உங்கள் மனைவிதான் அனுப்பினார். கஞ்சியை எடுத்துக்கொண்டு வந்து, "குடிங்க" என்பேன். "கேக்கணும் சிஸ்டர்" என்பீர்கள். "கஞ்சி குடிக்கிறீங்களா அண்ணா?" "வேணாம்." எடுத்துக்கொண்டு போவேன். அரை மணி கழித்து மறுபடியும் கேட்பேன். நான்காம் முறை, "இப்ப குடுங்க. கேட்டா குடிக்க மாட்டேன்னா சொல்றேன்" என்பீர்கள். பிறகு வீட்டுக்குப் போக வேண்டும் என்றீர்கள். நர்ஸாக எனக்கு அதில் சம்மதமில்லை. இருந்தாலும் அனுப்பினேன். உங்கள் மனைவி பக்கத்தில் இருக்க, உங்கள் கட்டிலிலேயே கண்ணை மூடினீர்கள். அடக்கத்துக்கு ஆண்கள் கிளம்பிய பிறகு நாங்கள் அங்கேயே அவரோடு உட்கார்ந்திருந்தோம். வசந்தா அம்மா நீங்கள் கருத்துக் கேட்புக் கூட்டத்தில் சிரித்த கதையைச் சொன்னார். உங்கள் மனைவி அழுதுகொண்டே சிரித்தார்.

கோயம்புத்தூரிலிருந்து என் மகள் போன வாரம் போன் செய்தாள். "அம்மா, உனக்கும் வயசாச்சு. இல்லத்தை வேற யார்கிட்டயாவது ஒப்படைச்சிட்டு இங்க வந்துடு. உனக்கு ரூம் ரெடி பண்ணிட்டேன், டிக்கெட் பாக்கறேன்" என்று மூச்சு விடாமல் பேசினாள். அன்பு இல்லாமல் இல்லை, அவ்வளவும் அன்புதான். யாரையும் கேட்காமல் நான் கையெழுத்து வாங்கிய அந்த மனுவை நினைத்துக்கொண்டேன். "என்னைக் கேட்டியா கண்ணு?" என்றேன்.

அவள் டிக்கெட் பேச்சை நிறுத்தினாள். பிறகு, "சரிம்மா. கேக்கறேன். வர்றியா?" என்றாள். நான் உடனே பதில் சொல்லவில்லை. அவளும் அவசரப்படுத்தவில்லை, காத்திருந்தாள். இத்தனை வருடமாகத் தினமும் பதினான்கு பேரைக் கேட்கிறேன், அண்ணா. என்னை ஒருவர் கேட்டுவிட்டு இப்படிக் காத்திருப்பது எவ்வளவு நன்றாக இருக்கிறது என்று எனக்கு இப்போதுதான் தெரிந்தது. "இப்ப விருப்பமில்லை" என்றேன். அவள் சரி என்றாள்.

உங்கள்
சிஸ்டர்