கிராணியார் வீட்டுப் பலகை

அக்கா,

போன வாரம் கண் பரிசோதனைக்காகப் பிரிக்பீல்ட்ஸ் போயிருந்தேன். கிளினிக்கிலிருந்து ஸ்டேஷனுக்கு நடக்கும் வழியில், ஒரு பழைய வீட்டுச் சுவரோரம் புதிதாக ஒரு பலகை நட்டிருந்தார்கள். வார்னிஷ் வாசனைகூட இன்னும் போகவில்லை. இந்த வீட்டில் இன்னார் வாழ்ந்தார், மக்களுக்காக உழைத்தார் என்று எழுதியிருந்தது. மருந்து விட்ட கண்ணுக்கு எழுத்தெல்லாம் கலங்கித் தெரிந்தது. ஆனாலும் கடைசி வரி வரை நின்று படித்தேன். படித்து முடித்ததும், நீங்கள் என்ன சொல்வீர்களோ என்று பக்கத்தில் திரும்பிப் பார்த்துவிட்டேன்.

நீங்கள் எதையும் லேசில் நம்பியதில்லை. மீன்காரர் நிறுத்துப் போடும்போது மீனைப் பார்க்க மாட்டீர்கள், அவர் விரலைப் பார்ப்பீர்கள். டாக்டர் ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பினால், வெளியே வந்து, "அப்ப ஏன் சிரிச்சாரு?" என்று என்னைக் கேட்பீர்கள். பேப்பரில் வரும் இரங்கல் செய்திகளைக்கூட விடமாட்டீர்கள். "இவ்ளோ நல்லவரா இருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்குமே" என்பீர்கள். பக்கத்து வீட்டில் இருந்துகொண்டு எத்தனை வருஷம் இதற்கெல்லாம் சிரித்திருப்பேன்!

நம் ஊர் மேரு சாலையில் அந்தப் பெரிய கிராணியார் வீட்டு முன்னால் பலகை வைத்தபோதும் முதலில் சிரித்தேன். பல வருஷம் பூட்டிக் கிடந்த வீடு. அவருடைய பேத்தி ஷா ஆலமிலிருந்து வந்து, சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, கோப்பிக் கடை திறந்திருந்தாள். பலகையில் தாத்தாவைப் பற்றி எழுதியிருந்தது. ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் தலைமைக் கிராணியாக இருந்தவர், ஜப்பான்காரன் காலத்தில் பசித்தவர்களுக்கு அரிசி கொடுத்தவர், தொழிலாளர்களின் காவலர்.

நீங்கள் குடையை மடக்கிக்கொண்டு இரண்டு முறை படித்தீர்கள். உங்கள் முகம் மாறியது.

"அரிசி குடுத்தாருதான். வாங்க வந்தவங்க எங்க போனாங்கன்னு எழுதலியே" என்றீர்கள்.

அன்றைக்குத்தான் எனக்கே சொன்னீர்கள். உங்கள் அம்மா உங்களை வயிற்றில் சுமந்திருந்த சமயம். கிராணியார் வீட்டில் அரிசி தருகிறார்கள் என்று தோட்டத்தில் சொல்லி அனுப்பினார்கள். உங்கள் அப்பா சாக்குப் பையை எடுத்துக்கொண்டு போனார். கம்பவுண்டுக்குள் லோரி நின்றது. வந்தவர்களை ஜப்பான்காரர்கள் அப்படியே ஏற்றி, சயாம் காட்டில் ரயில் பாதை போட அனுப்பிவிட்டார்கள். அவர் திரும்பி வரவே இல்லை. கிராணியாருக்கு இது முன்பே தெரியுமா, இல்லை அவரையும் ஏமாற்றினார்களா? அம்மா சாகும்வரை அந்த வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்ததில்லை.

"விடுங்கக்கா, எல்லாரும் செத்துப் போயிட்டாங்க" என்றேன்.

"செத்தவங்களுக்குத்தானே போர்டு வைக்கிறாங்க!"

உங்கள் பின்னால் கடைக்குள் வந்தேன். அந்தப் பேத்திக்கு ஐம்பதை ஒட்டிய வயது. "என்ன சாப்பிடுறீங்க ஆன்டி?" என்று சிரித்துக்கொண்டே வந்தாள். நீங்கள் உட்காரக்கூட இல்லை. நின்றபடியே அப்பா கதையைச் சொல்லி, "ஒங்க தாத்தாவுக்குத் தெரியுமா, தெரியாதா?" என்று கேட்டீர்கள். அவள் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது; அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். எனக்கு அந்த இடத்தைவிட்டு ஓடிவிடலாம் போலிருந்தது.

வீடு திரும்பும் வழியெல்லாம், "அந்தப் பொண்ணு ஏதோ மறைக்குது" என்று சொல்லிக்கொண்டே வந்தீர்கள்.

சில நாள் கழித்து அவள் உங்கள் வீடு தேடி வந்தாள், கையில் ஒரு கேக்குடன். நீங்கள் அதைத் தொடவில்லை. வாயை அடைக்கக் கொண்டு வந்திருக்கிறாள் என்று என் காதில் சொன்னீர்கள். அவளுக்கும் கேட்டிருக்க வேண்டும். கேக்கை ஒரு பக்கம் தள்ளி வைத்துவிட்டுப் பேசினாள்.

"ஆன்டி, எங்கப்பா அந்தக் கம்பவுண்டுக்குள்ள லோரியை விடவே மாட்டாரு. வீடு மாறிப் போறப்பகூட கட்டில், அலமாரி எல்லாத்தையும் ரோட்டுக்குத் தூக்கிட்டுப் போய்த்தான் ஏத்துனோம். ஏன்னு கேட்டா கத்துவாரு. அந்தக் காலத்துல அவரு சின்னப் பையன். எதையோ பார்த்திருக்காரு."

"அப்ப ஒங்க தாத்தாவுக்குத் தெரிஞ்சிருக்கு."

"தெரியல ஆன்டி. எனக்கும் சந்தேகமாத்தான் இருக்கு."

நீங்கள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். பிறகு என்னிடம், "கத்தி கொண்டா, கேக்கு வெட்டலாம்" என்றீர்கள்.

அவள் பலகையை மாற்றி எழுதக் கொடுத்தாள். காவலர் என்ற சொல் போனது. அரிசி வாங்க இந்த வாசலுக்கு வந்த தொழிலாளர்களை சயாம் ரயில் வேலைக்கு லோரியில் ஏற்றிப் போனார்கள், பலர் திரும்பவில்லை என்ற வரி வந்தது. அதன்கீழ் உங்கள் அப்பாவின் பெயர். எழுதுகிற கடைக்கே போய், ஒவ்வோர் எழுத்தாக விரல் வைத்துச் சரிபார்த்தீர்கள். கிராணியாருக்குத் தெரியுமா தெரியாதா என்பதைப் பற்றி ஒன்றும் எழுத வேண்டாம் என்று சொன்னதும் நீங்கள்தான். "தெரியாததை எழுதுனா நானும் அவங்கள மாதிரிதான்" என்றீர்கள்.

அவளுடைய சித்தப்பா போனில் குதித்தாராம், குடும்ப மானம் போச்சு என்று. "லோரி ஏன் உள்ள வரக்கூடாதுன்னு நீங்க சொல்லுங்க சித்தப்பா, நானே போர்டைக் கழட்டிடுறேன்" என்றாளாம். அவர் போனை வைத்துவிட்டார்.

சில மாதங்களில் நீங்களும் போய்விட்டீர்கள். பலகை இருக்கிறது, அக்கா. நான் அடிக்கடி அங்கே கோப்பி குடிக்கப் போகிறேன். கிராணியாரையும் ஏமாற்றித்தான் இருப்பார்கள் என்று சில நாள் தோன்றும். உங்கள் அம்மாவுக்குத் துரோகம் செய்கிற மாதிரி நெஞ்சு உறுத்தும். அவருக்கு எல்லாம் தெரியும் என்று சில நாள் தோன்றும்; அன்றைக்கு அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்க முடியாது.

நேற்று கடையில் கூட்டமில்லை. அவள் எதிரே வந்து உட்கார்ந்து, "நீங்க என்ன நினைக்கிறீங்க ஆன்டி? உண்மையைச் சொல்லுங்க" என்றாள்.

"ஒவ்வொரு நாளும் ஒரு மாதிரி நினைக்கிறேன்மா."

"நானும்தான்" என்றாள்.

ஆறிப்போன கோப்பியை எடுத்துப்போய் சூடாக வேறு கொண்டுவந்து வைத்தாள்.