ஃபிரிட்ஜுக்குள் புஸ்வாணம்

3, வியாழன்

பிசியோதெரபிப் பெண் இன்றும் வந்தாள். இவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். பக்கவாதம் வந்து வலது கை சோர்ந்ததிலிருந்து இப்படித்தான். அவள் கொடுத்த ரப்பர் பந்து கட்டிலுக்கு அடியில் உருண்டு கிடக்கிறது. வாசலில் என்னிடம் மட்டும் தணிந்த குரலில், "அவரா மனசு வைக்காம நான் ஒண்ணும் செய்ய முடியாதும்மா" என்றாள்.

என் வகுப்பில் சில பிள்ளைகள் உண்டு. விடை தெரியாமல் அல்ல, தப்பாகிவிடுமோ என்றுதான் நோட்டை மூடிக்கொள்வார்கள். இவர் கையைப் போர்வைக்குள் வைத்துக்கொள்கிறார்.

6, ஞாயிறு

சுதந்திர தினத்துக்கு இன்னும் ஒன்பதே நாள். வழக்கமாக இந்நேரம் பட்டாசுப் பேச்சு தொடங்கியிருக்கும். "காசைக் கரியாக்குறீங்க" என்பது வருடா வருடம் என் பாட்டு. "வருஷம் பூரா பஸ் ஓட்டிப் புகையத்தானே பார்க்கிறேன் டீச்சர், ஒரு நாள் வெளிச்சம் பார்த்துக்கிறேனே" என்பது அவர் பாட்டு. ஓய்வு பெற்ற பிறகும் அதே பாட்டுத்தான்.

திட்டிக்கொண்டேதான் கேட்டில் போய் நிற்பேன். தெருவை இரண்டு பக்கமும் பார்த்து, சின்னப் பிள்ளைகள் யாரும் கிட்டே இல்லை என்று நிச்சயமான பிறகு, "ரைட்" என்று நான் சொன்னால்தான் திரியில் நெருப்பை வைப்பார். கண்டக்டர் குரல் கொடுக்காமல் வண்டியை நகர்த்தாத பழக்கம்.

இந்த வருடம் பேச்சே இல்லை. கேட்டால் திட்டலாம். கேட்காதவரை என்ன செய்வது?

9, புதன்

மகள் போனில் பேசினாள். பட்டாசு வாங்கலாமா என்று பார்க்கிறேன் என்றேன். முதலில் சிரித்தாள், அப்புறம் கோபம் வந்துவிட்டது. "அம்மா, பேசுறது நீங்கதானா? முதல்ல கண்ணாடிய மாத்துற வழியப் பாருங்க. போன தடவ காபில உப்பப் போட்டுக் கொடுத்தீங்க."

நியாயம்தான்.

10, வியாழன்

கண்ணாடிக்கு வைத்திருந்த பணத்தில் பட்டாசு வாங்கிவிட்டேன்.

கடைக்காரர், "பேரப் பிள்ளைகளுக்கா? எத்தனை வயசு?" என்று கேட்டார். வீட்டுக்காரருக்கு, எழுபத்தொன்று என்றேன். சிரிக்காமல் எடுத்துக் கொடுத்தார், நல்ல மனிதர். வெடிச்சத்தம் இவருக்கு ஆகாது. புஸ்வாணம், தரைச்சக்கரம், கம்பி மத்தாப்பு, அவ்வளவுதான்.

பெட்டியில் ‘குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் வைக்கவும்’ என்று அச்சடித்திருக்கிறது. சமையலறையில் அடுப்பு. மாடி அறை பகலெல்லாம் வேகிறது. இந்த வீட்டில் குளிர்ந்த இடம் ஒன்றே ஒன்றுதான். துணிப்பையில் சுற்றி அங்கேயே வைத்துவிட்டேன்.

13, ஞாயிறு

சமையலறையிலிருந்து "டீச்சர்!" என்று குரல். பதறிப்போய் ஓடினேன்.

சுவரைப் பிடித்துக்கொண்டு தானாகவே தண்ணீர் எடுக்கப் போயிருக்கிறார். ஃபிரிட்ஜ் திறந்து கிடக்கிறது. இடது கையில் புஸ்வாணப் பெட்டி.

"கத்தரிக்காய்க்குத் துணையா இத வச்சியா?"

பெட்டியில் போட்டிருந்ததைச் சொன்னேன். சொல்லும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. வாசித்துப் புரிந்துகொள்ளுங்கள் என்று ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் பாடம் நடத்தியவள் நான்! யானைக்கும் அடி சறுக்கும், ஆனால் இப்படியா?

இவர் சிரித்தார். வாயின் ஒரு பக்கம் சேர்ந்துகொள்ளவில்லை, ஆனாலும் தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். எத்தனை நாள் ஆயிற்று இதைப் பார்த்து. நானும் சிரித்தேன், கண்ணில் தண்ணீர் வந்தது. எதனால் வந்ததோ.

எல்லாம் நமத்துப்போயிருந்தது. தூக்கிப் போட்டுவிடலாம் என்றேன்.

"எதுக்கு? வெயில் இருக்கு, காய வைக்கலாம்."

"காசைக் கரியாக்காம விடமாட்டீங்களே."

"கரியாவாவது ஆகட்டும் டீச்சர். நீ ஐஸாக்கிட்டியே."

14, திங்கள்

இவர் மாடி ஏறினார். பிசியோதெரபிப் பெண் பின்னாலேயே இடுப்பைத் தாங்கிக்கொண்டு ஏறினாள். படிக்குப் படி நின்று மூச்சு வாங்கினாலும் இறங்கலாம் என்று சொல்லவில்லை.

பழைய சேலையை விரித்து எல்லாவற்றையும் பரப்பினோம். ஒவ்வொன்றாகப் புரட்டிப் போடுவது அவர் வேலை. எனக்குத் தொட அனுமதி இல்லை, "நீ கத்தரிக்காயப் பாரு" என்கிறார். காற்று வந்து சேலை முனையைத் தூக்கியபோது சட்டென்று அழுத்திப் பிடித்தார் — வலது கையால். அவருக்கே தெரியவில்லை. அந்தப் பெண் என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினாள். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். நன்றாக எழுதிக்கொண்டிருக்கும் பிள்ளையிடம் போய் நன்றாக எழுதுகிறாய் என்று சொன்னால் கை நின்றுவிடும்.

15, செவ்வாய். சுதந்திர தினம்

இருட்டியதும் கேட்டருகே நாற்காலி போட்டு உட்காரவைத்தேன். எதிர்வீட்டுத் தையல்காரர் குடும்பம் வாசலுக்கு வந்துவிட்டது. இந்த வருடமும் நடக்கும் என்று நினைத்தார்களோ, நடக்காது என்று நினைத்தார்களோ.

மத்தாப்பை நீட்டினேன். வாங்கவில்லை. கை மடியிலேயே இருந்தது. இத்தனை பேர் பார்க்க அது நடுங்கிவிட்டால்? எனக்கும் அதே பயம்.

"நீ வை டீச்சர்" என்றார்.

நானா? ஆயுளில் ஒரு திரியைப் பற்றவைத்ததில்லை. குனிந்தால் இந்தக் கண்ணாடியில் ஒரு திரி இரண்டாகத் தெரிகிறது.

இவர் தெருவை இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு, பஸ்ஸைப் பின்னால் எடுக்கச் சொல்வதுபோல, "வா, வா... இடது பக்கம் ஒடி... இன்னும் கொஞ்சம்... போதும். ரைட்" என்றார்.

முதலாவது பற்றவே இல்லை. இரண்டாவது தும்மிவிட்டு அணைந்தது. எதிர்வீட்டில் யாரோ சிரித்தார்கள். "ஜலதோஷம் புடிச்சிருக்கு, ஃபிரிட்ஜுல இருந்துச்சுல்ல" என்று இவரே உரக்கச் சொன்னார். தெருவே சிரித்தது.

மூன்றாவது, கேட்டைத் தாண்டி எழும்பிப் பூவாய்க் கொட்டியது. ஒரு செருப்பை விட்டுவிட்டு ஓடிவந்து இவர் பக்கத்தில் நின்றேன். எல்லோரும் புஸ்வாணத்தைப் பார்த்தார்கள். நான் இவர் முகத்தைப் பார்த்தேன். அதற்குக் கண்ணாடி வேண்டியிருக்கவில்லை.

16, புதன்

செருப்பு தீய்ந்துபோயிற்று. அதையும் கரிக்கணக்கில் எழுதச் சொல்கிறார்.

30, புதன்

ஒரு புஸ்வாணம் மீதி. அடுத்த வருடத்துக்காம். "அலமாரில வை. அலமாரில" என்று இரண்டு முறை சொன்னார்.

பிசியோதெரபிப் பெண் வந்தபோது இவர் ஏற்கெனவே எழுந்து உட்கார்ந்திருந்தார், மடியில் பந்தோடு. பயிற்சி முடிந்ததும் என்னிடம் தீப்பெட்டி கேட்டார். பெட்டி இடது கையில், குச்சி வலது கையில். முதல் குச்சி ஒடிந்தது. இரண்டாவது கீழே விழுந்தது. மூன்றாவதை எடுத்து வைத்துக்கொண்டு உரசாமல் என்னையே பார்த்தார்.

அறை வாசலில் போய் நின்றேன். கூடத்தைப் பார்த்தேன், சமையலறையைப் பார்த்தேன். ஒருவரும் இல்லை.

"ரைட்" என்றேன்.