பாலத்தடியில் திரும்பிய வேன்

ஞாயிறு, மல்லேஸ்வரம்.

அடுத்த வாரம், படுக்கைகள் வைத்த எங்கள் கேம்பர் வேனில் சிக்கமகளூரு போகிறோம். வழிகாட்டும் கருவி வாங்கும்போது நான் பெரிய திரை கேட்டேன். வண்டியின் உயரத்துக்கேற்ற வழி சொல்வதுதான் வேண்டுமென்று கணவர் ரவி பிடிவாதம் பிடித்தார்.

இன்று வெள்ளோட்டம். மகள் யாழினி மேல்படுக்கையில் தூங்கிவிட்டாள். என் போன் ரயில்வே பாலத்தடியில் போகச் சொன்னது. உயரம் போதாது, திரும்புங்கள் என்றது கருவி.

"போன் போகலாம்னுதானே சொல்லுது?" என்றேன்.

"இரு, இறங்கிப் பாத்துட்டு வரேன்."

முகம் வெளுத்துத் திரும்பினார். "போயிருந்தா கூரை இடிச்சிருக்கும்மா. பாப்பா படுத்திருக்கிற இடம்."

நல்லவேளை, என் பேச்சை அவர் கேட்கவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

யாழினிக்கு எதுவும் தெரியாது. வீடு திரும்பிய பிறகும், இரவு வேனில்தான் தூங்குவேனென்று அடம்பிடித்து அப்பாவோடு மாடியிலிருந்து கீழே போய்விட்டாள். எனக்கும் ஒரு போர்வை எடுத்துக்கொண்டு இறங்குகிறேன்.