ஒட்டுப்புல்

மார்ச் 4, திங்கள்

காலேஜை விட்டு இன்றோடு இருபது நாள். வீட்டில் தெரியாது. தினமும் எட்டரைக்குப் பையை மாட்டிக்கொண்டு கிளம்புகிறேன். இன்று ஷாப்பிங் மாலில் அப்பாவின் ஆபீஸ்காரர் ஒருவர் எதிரே வந்துவிட்டார். தூணுக்குப் பின்னால் பத்து நிமிஷம் நின்றேன். இவ்வளவு பெரிய நகரத்தில் ஒளிய ஒரு இடம் இல்லை. என்ன ஊர் இது?

மார்ச் 5

எதிர்த் திசையில் போகும் பஸ்ஸில் ஏறினேன். கடைசி நிறுத்தம் வரை. வயல், ஏரி, ஒரு டீக்கடை. டீக்கடையையும் மத்தியானம் மூடிவிடுகிறார்கள். தெரிந்தவர் ஒருத்தரும் வர மாட்டார்கள். போரடித்துச் செத்தேன்.

மார்ச் 7

மறுபடியும் அங்கேதான். வழியில் முன்னூறு வாத்துகள் ரோட்டைக் கடந்தன, பின்னால் கோலோடு ஒரு வாத்துக்காரர். டிரைவர் எஞ்சினை அணைத்துவிட்டார். யாரும் ஹாரன் அடிக்கவில்லை. கண்டக்டர் இறங்கி வாய்க்காலில் முகம் கழுவிவிட்டு வந்தார்.

மார்ச் 11

வாத்துக்காரர் என்ன படிக்கிறாய் என்று கேட்டார். பொய் சொல்லச் சோம்பலாக இருந்தது.

"படிப்ப விட்டுட்டேன்."

"சரி, வாத்த விட்டுடாத. அந்தப் பக்கம் போய் நில்லு."

நின்றேன். அவ்வளவுதான் பேச்சு. இத்தனை நாளாக நெஞ்சில் கனத்ததை அவர் வாத்துக் கணக்கில்கூடச் சேர்க்கவில்லை.

மார்ச் 13

ஏரியில் காலை நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வேறொன்றும் நடக்கவில்லை. அதுதான் நன்றாக இருந்தது.

மார்ச் 15

மே மாதச் சுற்றுலாவுக்கு அப்பா இன்னொரு பெருநகரத்தைப் பிடித்துவிட்டார். போன வருஷம் லிஃப்டில் ஏறி ஒரு கட்டடத்தின் உச்சியிலிருந்து ஊரைப் பார்த்தோம். அதற்கு முந்தின வருஷம் வேறொரு லிஃப்ட். ஒரு தடவை கிராமத்துப் பக்கம் போகலாமே என்றேன்.

"அங்க என்ன இருக்கு பாக்கறதுக்கு?"

எனக்குத் தெரியும். சொன்னால், உனக்கு எப்படித் தெரியும் என்பார். வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டேன்.

மார்ச் 19

துவைக்கப் போட்ட என் பேண்டோடு அம்மா அறைக்குள் வந்தாள். உள்ளங்கையில் அதிலிருந்து பிடுங்கிய ஒட்டுப்புல் விதைகள்.

"உங்க காலேஜ்ல பாடமெல்லாம் புல்லுலதான் நடக்குதாடி?"

இரண்டு வாரமாக அப்பா கண்ணில் படாமல் பிடுங்கிப் போட்டிருக்கிறாள். எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அந்த வகுப்பில் உட்கார முடியலம்மா, மூச்சு முட்டுது, சும்மா சொல்லல... என்னென்னவோ. அவள் திட்டவில்லை, அழவில்லை. அதுதான் பயமாக இருந்தது. கடைசியில் ஒன்றுதான் சொன்னாள்.

"நாளைக்கு நானும் வர்றேன்."

மார்ச் 20

அம்மா என்னைவிட வேகமாக நடக்கிறாள். வாத்துக்காரர் அவளையும் ஒரு மூலையில் நிறுத்திவிட்டார். ஒரு வாத்து அவள் காலுக்கு நடுவே புகுந்து ஓட, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். மாலில் அவள் இப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் என் பேண்டைச் சுத்தம் செய்தேன். அவள் சேலை ஓரமெல்லாம் விதை. அவள் அதைத் தொடவே இல்லை.

"பிடுங்கும்மா. அப்பா பாத்துடுவாரு."

"பாக்கட்டும்."

பார்த்தார். வீட்டு வாசலிலேயே என்ன இது என்று அவளைக் கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். நானே சொல்லிவிட்டேன். குரல் நடுங்கவில்லை.

மார்ச் 24

அப்பா பேசவில்லை.

மார்ச் 27

இன்றும்.

மார்ச் 31, ஞாயிறு

காலையில் பார்த்தால் அப்பா சுற்றுலாத் தொப்பியைப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறார். பஸ்ஸில் கண்டக்டர் எந்த ஸ்டாப் என்று என்னைக் கேட்காமலே டிக்கெட் கட்டை எடுத்தார். அப்பா அதைக் கவனித்தார்.

"எத்தனை பேரு?"

"மூணு," என்றார் அப்பா, ஜன்னலைப் பார்த்தபடி. "கடைசி ஸ்டாப்."

வாத்துகள் குறுக்கே வந்தன. அப்பா வாட்சைப் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி பார்த்தார். அப்புறம் பார்க்கவில்லை.

காலேஜ் பேச்சை நாளைக்கு எடுப்பார். தெரியும். இப்போது கூடத்தில் உட்கார்ந்து சாக்ஸிலிருந்து ஒட்டுப்புல்லை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டிருக்கிறார். அம்மா உதவிக்குப் போகவில்லை.